மாமாவுக்கு எடுத்து வைத்த எண்ணெய்

சென்ற புரட்டாசியில் மாமா இறந்துபோனார். கோல சிலாங்கூரை ஒட்டிய மீனவ ஊரான பாசிர் பெனம்பாங்கில் அவருடைய மூத்த மகளின் வீட்டு வாசலில், கூடாரத்துக்குக் கீழே, பலகையில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டும். மகள்கள் வைத்து முடித்ததும் சடங்கு செய்ய வந்தவர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இவரு எனக்குத் தாய்மாமன்னு சொன்ன மருமகப்பிள்ளை எங்க? முன்னால வாங்க சார். வெயில் ஏறுது லா."

கிண்ணத்தில் நல்லெண்ணெய் இருந்தது. விரலால் மூன்று முறை தொட்டு வைத்தால் போதும். நான் கிண்ணத்தையே எடுத்து அவர் உச்சந்தலையில் சாய்த்துவிட்டேன். எண்ணெய் இரண்டு காதோரமும் வழிந்து பலகையில் சொட்டியது. பக்கத்துக் கொட்டகைகளில் காயும் கருவாட்டு வாடையையும் மீறி அதன் வாசனை எழுந்தது. யாரோ என் கையைப் பிடித்து, "போதும் சார், மத்தவங்களும் வைக்கணும்" என்றார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் துக்கத்தில் நிதானம் இழந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். துக்கம்தான். ஆனால் அது மட்டுமில்லை. மாமாவின் தலைக்குப் போக வேண்டிய எண்ணெயை ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்து வேறோர் இடத்தில் ஊற்றிவிட்டேன். அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில், சொல்ல வேண்டியவரே போன பிறகு, ஊருக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாயாவில், கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூருக்கு ஒரு கிளை ரயில்பாதை இருந்தது. இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால், ரப்பர் மரங்களை ஒட்டிய மண் கரையின் மேல்தான் அது போனது. மூன்று பெட்டிகள், ஒரு சின்ன நீராவி இன்ஜின். அதில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் வேலை என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. பத்து ஆராங் என்ற ஊர்ச் சுரங்கத்து நிலக்கரி பொரிந்து பொரிந்து தெறிக்கும். அவருடைய சட்டையில் அரிசி அளவு ஓட்டைகள் எப்போதும் இருக்கும். அம்மா ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓய்ந்து, "நீ சல்லடையை மாட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள்.

மாமா அந்த இன்ஜினைக் கருப்பி என்று கூப்பிடுவார். கோல சிலாங்கூரில் இன்ஜினைத் திருப்பி நிறுத்த வசதி இல்லாததால் அது வரும்போது முகம் காட்டி வரும், கிள்ளானுக்குத் திரும்பும்போது பின்பக்கமாகவே போகும். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கோல சிலாங்கூர் மலையில சுல்தான் கோட்டை இருக்குல்ல மாப்ள? ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. அதான் கும்பிட்டுக்கிட்டே பின்னால நடந்து போறா."

நான் அதைப் பல வருஷம் நம்பினேன். மாமா சொன்ன எதையும் நம்பினேன். ரயில் எங்கள் நிறுத்தத்தில் நிற்கும் சில நிமிடங்களில் அவர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு குதித்து இறங்குவார். சக்கரங்களுக்கு நடுவே குனிந்து, தண்டுகள் சேரும் இடங்களில் எல்லாம் சொட்டுச் சொட்டாக விடுவார். குழந்தைக்குக் காதில் மருந்து விடுகிறவர்போல அவ்வளவு பதமாக இருக்கும் அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எண்ணெ இல்லாத எடத்துல எல்லாம் அழுவும் மாப்ள. எண்ணெ வச்சுட்டா வாயைத் தொறக்க மாட்டா."

எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்தின் உயரத்துக்குப் பாதை ஏறி வர வேண்டும். அந்தக் கடலோரத்துத் தட்டை நிலத்தில் ஏற்றம் என்று சொல்ல அது ஒன்றுதான். மற்ற இடங்களில் ஓடி வரும் கருப்பி அங்கே வந்ததும் திணறுவாள். ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக எண்ணலாம். பாலத்தின் ஓரம் நின்று பார்க்கும்போது எனக்கு, கனமான விறகுக் கட்டோடு லயத்துப் படியேறும் அம்மாவைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருஷ தீபாவளிக்கு முந்தின மாலை மாமா லயத்துக்கு வந்தார். மறுநாள் அவருக்குப் பரீட்சை. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் கிள்ளானில் ஏறி, இன்ஜினிலேயே நின்றுகொண்டு வருவார். மாமா ஓட்ட வேண்டும். பழைய டிரைவர் பக்கத்தில் சும்மா நிற்பார். ஒழுங்காகக் கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்தால் மாமாவின் பெயர் டிரைவர் பட்டியலில் ஏறும். எட்டு வருஷம் கரி அள்ளிய பிறகு வந்த வாய்ப்பு.

"நல்ல நாளும் அதுவுமாத்தான் பரிச்ச வப்பாங்களா? அந்தத் துரைக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

"துரைக்கு ஏதுக்கா தீவாளி? தலையில ஒத்த முடி இல்ல. எண்ணெ வச்சா கண்ணுக்குள்ளதான் வழியும்."

"வாய் மட்டும் குறையாது. உனக்கு எண்ணெ தனியா எடுத்து வச்சிருக்கேன். மத்தியானம் வந்து தலை முழுவிட்டுத்தான் சோறு. சொல்லிட்டேன்."

"வரேன்க்கா. வரும்போது டிரைவரா வரேன்."

அம்மா அடுப்பங்கரைக்குள் போனதும் மாமா சிரிப்பை நிறுத்தினார். கையை நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் நின்றேன்.

"பயமா மாமா?"

"மத்த எடத்துல எல்லாம் பயமில்ல மாப்ள. நம்ம பாலத்து ஏத்தம் ஒண்ணுதான். அங்க மட்டும் இவ தகராறு பண்ணாம ஏறிட்டா, மாமா டிரைவரு."

இதை எழுதும்போதுகூட அந்த வாக்கியம் என் காதில் அப்படியே கேட்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதில் அவருக்குத் தவறும் இல்லை.

மறுநாள் விடியலில் அம்மா என்னைப் பலகையில் உட்கார வைத்து, மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் அரக்கித் தேய்த்தாள். ஊற வேண்டும், அசையாதே என்று சொல்லிவிட்டு இறைச்சி வாங்கக் கங்காணி மண்டோர் வீட்டுப் பக்கம் போனாள். தோட்டத்தில் பங்கு போட்டு ஆடு வெட்டியிருந்தார்கள். அடுப்பங்கரை மாடத்தில் மாமாவுக்கு எடுத்து வைத்த எண்ணெய் இருந்தது. ஒரு சீசாவில் முக்கால் அளவு.

நான் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் எல்லாருக்கும் இன்றைக்கு எண்ணெய். லயத்தில் நாய்க்குக்கூட யாரோ தடவியிருந்தார்கள். கருப்பிக்கு மட்டும் இல்லை. அவள் திணறும் இடம் எனக்குத் தெரியும். எண்ணெய் வைத்தால் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் தெரியும். மாமா சக்கரத்துக்கு மட்டும்தான் வைக்கிறார், பாவம், தண்டவாளத்துக்கு யாரும் வைப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்ற பெருமையும் கூடவே வந்தது.

சீசாவையும் அம்மாவின் பழைய புடவைத் துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கரையேறினேன். காலை வண்டி அதற்குள் கிள்ளானுக்குப் போய்விட்டிருந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து பாலம் வரை, ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டு மறுபக்கம் வந்தேன். துணியில் நனைத்து, அம்மா என் முதுகில் தேய்ப்பதுபோல, அழுத்தி, இழுத்துத் தேய்த்தேன். இரும்பு பனியில் சில்லென்று இருந்தது. முழங்காலில் ஜல்லி குத்தியது. எண்ணெய் குறையக் குறையச் சிக்கனமாக வைத்தேன். கடைசியில் சீசாவின் அடியில் ஒரு விரல் அளவு மிச்சம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று இருக்கக் கூடாது, மாமாவுக்கும் கொஞ்சம் வேண்டும் என்று அதை வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு தண்டவாளங்களும் வெயிலில் பளபளவென்று மின்னின. அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் என்னைவிடச் சந்தோஷமாக ஒருவரும் இருந்திருக்க முடியாது.

குளிக்கக்கூடப் போகவில்லை. சீசாவை லாலான் புல்லுக்குள் ஒளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வழிய, பாலத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பது மணி வாக்கில் ரயில் வந்தது. பெட்டிகளில் புதுச் சட்டைக் கூட்டம். இன்ஜினில் மாமா ஓட்டுகிற இடத்தில் நின்றிருந்தார். தலையில் தொப்பி. அவருக்குப் பின்னால் ஒரு சிவந்த முகம் தெரிந்தது. ஏற்றத்தை நெருங்கும்போது மாமா ஊதலை நீளமாக இழுத்தார். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

ஏற்றத்தில் ஏறிய சற்று நேரத்தில், அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. மூச்சுகளை எண்ண முடியவில்லை. எல்லா மூச்சும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறிபிடித்ததுபோலச் சுற்றின. ரயில் நகரவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் சரிந்தது. பெட்டிகளில் பெண்கள் கூச்சலிட்டார்கள். மாமா நிறுத்தினார். மறுபடி முயன்றார். மறுபடி அதே படபடப்பு. வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் விட இன்ஜினிலேயே ஒரு பெட்டியும் குழாயும் உண்டு. மழைக்கால ஈரத்தில் மணல் கட்டிப்பிடித்து அதுவும் இறங்கவில்லை.

எண்ணெய் போதவில்லை என்று நான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கடைசி ஒரு விரல் எண்ணெயையும் ஊற்றியிருக்க வேண்டும், கஞ்சத்தனம் செய்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

மூன்றாவது முறையும் வழுக்கியபோது இன்ஸ்பெக்டர் ஏதோ கத்தினார். மாமா கைப்பிடியைப் பழைய டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாளி மணலோடு இறங்கி முன்னால் நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, இந்தப் பக்கத் தண்டவாளத்தில் ஒரு பிடி, அந்தப் பக்கத் தண்டவாளத்தில் ஒரு பிடி. பாலத்துக்குப் பாதி வழியில் கை நின்றது. விரலை இரும்பின் மேல் வைத்து இழுத்தார். மூக்கருகே கொண்டு போனார். பிறகு நிமிர்ந்து, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தார். நெற்றியில் வழிந்து கண்ணில் எரிந்த எண்ணெயை நான் அப்போது புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா தொப்பியைக் கழற்றினார். விரலிலிருந்த எண்ணெயைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். மறுபடி குனிந்து, உள்ளங்கை நிறைய வழித்து, அதையும் தலையில் தேய்த்துக்கொண்டார். தொப்பியை மாட்டிக்கொண்டார். துடைக்கத் துணி கிடைக்கவில்லை போல என்று நினைத்தேன்.

பழைய டிரைவரும் இன்ஸ்பெக்டரும் இறங்கி வந்தார்கள். டிரைவர் தண்டவாளத்தைத் தொட்டு மோந்து பார்த்துத் திகைத்தார்.

"டேய், இது என்னடா, நல்..."

"அண்ணே, விட்டுருங்க" என்றார் மாமா. அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் முனையால் தண்டவாளத்தைத் தேய்த்துப் பார்த்தார். அது வழுக்கியது. யார் என்று கேட்டிருக்க வேண்டும். மாமா நேராக நின்று மலாயில் சொன்னார். அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும்.

"சாயா பூஞ்யா சாலா, துவான்." என் தப்புதான் துரை. காலையில் இந்த வழியாகப் போகும்போது எண்ணெய்க் கேன் சாய்ந்திருந்தது, ஒழுகியதைக் கவனிக்கவில்லை என்றார்.

டிரைவர் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றைப் புல்லில் துப்பிவிட்டு இன்ஜினுக்குத் திரும்பி நடந்தார்.

எனக்கு மாமாவின் மேல் கோபம் வந்தது. எண்ணெய் பட்டால் தப்பு என்று இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. ஆனால் கேன் ஒழுகியது என்று மாமாவே சொல்கிறாரே! அப்படியானால் கெடுத்தது அவருடைய எண்ணெய். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்ததை அவருடைய ஒழுகல் வீணாக்கிவிட்டது. இப்படி எனக்கு நானே நியாயம் தீர்த்துக்கொண்டேன். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இதே மாதிரி நியாயம் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரையும் என்னால் கேலி செய்ய முடிந்ததில்லை.

டிரைவர் ஓட்ட, மாமா வாளியோடு முன்னால் மணல் தூவி நடக்க, கருப்பி அவருக்குப் பின்னாலேயே அடி அடியாக ஏறிப் பாலத்தைக் கடந்தாள். ஜன்னல்களில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர், "அண்ணே, கயிறு கட்டி இழுங்க, சீக்கிரம் வரும்!" என்று கத்தினார். மாமாவும் திரும்பிச் சிரித்தார்.

அவர் டிரைவர் ஆகவில்லை. எண்ணெய்க் கேனைச் சரியாக வைக்கத் தெரியாதவன் என்று அவர் பெயருக்கு எதிரே எழுதிவிட்டார்களாம். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அந்தக் கிளைப்பாதையையே மூடி, தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அதன் பிறகு மாமா ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குத் தீ போடும் வேலையில் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண்களை வளர்த்தார். அவர் சந்தோஷமில்லாமல் வாழ்ந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரவே நகராத ஒரு கொதிகலன் முன்னால் அவர் நிற்பதை நான் எத்தனையோ தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் ஏறும்போது அவருடைய வலது கை தானாகவே உயர்ந்து, அங்கே இல்லாத ஊதல் கயிற்றைத் தேடும்.

உண்மை எனக்குப் பதின்மூன்று வயதில் தெரிந்தது. அந்தப் பாதை மூடப்படுவதற்கு முந்தைய கடைசிக் காலம் அது. கிள்ளானில் ஆங்கிலப் பள்ளிக்கு அதே ரயிலில்தான் போய்வந்தேன். ஒருநாள் வகுப்பில் உராய்வு பற்றிய பாடம். ரயில் நகர்வது சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதால்தான், தண்டவாளத்தில் எண்ணெய் பூசினால் நின்ற இடத்திலேயே சுற்றும் என்றார் ஆசிரியர். எந்த மடையன் சார் பூசுவான் என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அன்று மாலை எங்கள் நிறுத்தத்தில் இறங்கினேன். இன்ஜின் பக்கம் போனேன். மாமா கரித்தூள் முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இன்னிக்கு என்ன படிச்ச?"

"ஒண்ணுமில்ல மாமா."

அவ்வளவுதான் சொன்னேன். எண்ணெய் தேய்த்தது ஒன்பது வயதுப் பிள்ளை. அவனை நான் மன்னித்துவிட்டேன். "ஒண்ணுமில்ல மாமா" என்று சொன்னவனை மன்னிக்க முடியவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். நாளை சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனான். பிறகு அவனே ஆசிரியராகி, முப்பது வருஷம் உராய்வுப் பாடம் நடத்தினான். மரக்கட்டை, மேசை, பளிங்குக் குண்டு என்று என்னென்னவோ உதாரணம் சொன்னான். ரயிலை மட்டும் சொன்னதில்லை.

அந்தத் தீபாவளியின் பிற்பகலைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

மாமா சொன்னபடி மத்தியானம் வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "சரி, மொதல்ல எண்ணெ வச்சுக் குளி" என்று மாடத்தைப் பார்த்தாள். சீசா இல்லை. நான் அதை லாலானிலிருந்து எடுத்து வர மறந்திருந்தேன்.

"எண்ணெ சீசா எங்கடா?" என்று என் பக்கம் திரும்பினாள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"அவனை ஏன் கேக்குற?" என்றார் மாமா. "காலையில வண்டிக்குப் போறப்ப நான்தான் எடுத்துட்டுப் போனேன். தேச்சும் முடிச்சாச்சு."

"பொய் சொல்லாதடா. நீ எப்ப இங்க வந்த?"

"நம்பலைன்னா மாப்ளயவே கேளு. மோந்து பாத்துச் சொல்லட்டும்."

தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முகர்ந்தேன். கரிப்புகைக்கும் வியர்வைக்கும் அடியில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. என் தலையில் அடித்த அதே வாசம். மாமா விடியற்காலையில் லயத்துப் பக்கமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு பெரியவர் அம்மாவிடம் பொய் சொல்கிறாரே, காட்டிக்கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் பாவம், பரீட்சையில் தோற்றுவிட்டு வந்திருக்கிறார், போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன்.

"ஆமாம்மா, எண்ணெ வாசம்தான்" என்றேன்.

மாமா நிமிர்ந்து என் கன்னத்தைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். கேனிலிருந்து தண்டவாளத்தில் ஒழுகிய இன்ஜின் எண்ணெயும் நம் நல்லெண்ணெய் மாதிரியேதான் மணக்கும் போலிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன்.